தூங்குவதற்காகத்தான் குடிக்கிறேன், டாக்டரம்மா

ஊட்டிக்குப் பக்கத்தில், மலைக்காய்கறி விளையும் ஒரு கிராமத்திலிருந்து இந்தக் கடிதம் வந்திருக்கிறது. எழுதியவருக்கு 36 வயது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன் ஃபைனான்ஸில் எடுத்தது. மாதம் 14,500 ரூபாய் ட்யூ. ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, கேரட் பிடுங்கும் ஆட்களைத் தெருமுனைகளில் ஏற்றிக்கொண்டு தோட்டத்தில் விடுகிறார். பிடுங்கி, கழுவும் மெஷினில் கழுவி, மூட்டை கட்டி ஏற்றியதும் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறார். கணக்கு முடித்து மலையேறி வீடு வந்து சேர மதியம் மூன்று ஆகிவிடுகிறது. மறுபடி ஒன்றரைக்குக் கிளம்ப வேண்டுமென்றால் ஏழு மணிக்காவது படுத்தாக வேண்டும். "ஊரே விளக்குப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? அதற்காகத்தான் ஒரு குவார்ட்டர்" என்கிறார். குளிருக்கு என்று ஆரம்பித்தது, அப்புறம் தூக்கத்துக்கு என்று ஆனது. இப்போது சாயங்காலம் அது உள்ளே போகும்வரை கை நடுக்கம் நிற்பதில்லை.

குடித்தவுடன் கண் செருகிவிடுகிறது. ஆனால் பதினோரு மணிக்கே நெஞ்சு படபடக்க, பனியன் நனைய விழித்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு ட்யூ, கேரட் விலை, மகளின் பள்ளிக் கட்டணம் என்று யோசனைதான். வண்டியில் கண் அசராமல் இருக்க ஏழெட்டு டீ, உதட்டுக்கடியில் புகையிலை. 64 கிலோ இருந்தவர் 57 ஆகிவிட்டார். இரண்டு வாரத்துக்கு முன் பர்லியாருக்குக் கீழே ஒரு வளைவில் கண் மூடிவிட்டது. எதிரே வந்த பஸ்ஸின் ஹாரன்தான் எழுப்பியிருக்கிறது.

போன கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டு, அன்றோடு குடியை நிறுத்தினார். மூன்றாம் நாள் உடம்பெல்லாம் உதறியது. சுவரில் பூச்சி ஊர்வதாகத் தெரிந்தது. மனைவிக்கு எதுவுமே தெரியவில்லை; இவருக்கு மட்டும் தெரிந்தது. பயந்துபோய் மாலையைக் கழற்றிவிட்டு அன்று ராத்திரியே குடித்தார், பூச்சி போய்விட்டது. "விரதத்தை முறித்த பாவி நான்" என்று எழுதியிருக்கிறார். இந்தக் கார்த்திகையில் மறுபடி மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தலாம் என்று இருக்கிறார். இதற்கிடையில் நண்பர் ஒருவர் மெடிக்கலில் வாங்கிய தூக்க மாத்திரையைக் கொடுத்திருக்கிறார். அம்மா யாரோ விற்ற ஒரு பொடியைக் குழம்பில் கலப்பதாகச் சந்தேகம். மச்சான் சமவெளியில் ஒரு 'சென்டரில்' பேசி வைத்திருக்கிறார். ஆளை வந்து தூக்கிக்கொண்டு போய் மூன்று மாதம் பூட்டி வைப்பார்களாம்.

அவர் கேட்பவை மூன்று. குடிக்குப் பதிலாக எந்த மாத்திரை போட்டால் தூக்கம் வரும்? சம்மதமில்லாமல் என்னைக் கொண்டுபோக அவர்களுக்கு உரிமை உண்டா? ஆஸ்பத்திரிக்குப் போனால் விஷயம் வெளியே தெரிந்து லைசென்ஸ் போய்விடுமா? கையெழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு வரியும் இருக்கிறது: "சில ராத்திரி, இப்படியே போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று தோன்றுகிறது."

முதலில் அந்தக் கடைசி வரி

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது என்று நீங்களே கவனித்திருப்பீர்கள். பதினோரு மணிக்கு விழித்து இருட்டில் படுத்திருக்கும்போதுதானே? உள்ளே போன சாராயம் இறங்கும் நேரம் அது. மனத்தை அதுவே அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். மாதக்கணக்கில் தூக்கம் கெட்ட மூளைக்குக் கஷ்டம் மட்டும் பெரிதாகத் தெரியும், வழி எதுவும் தெரியாது. ட்யூவும் மகளின் கட்டணமும் நிஜமான பாரம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அவை காட்டும் உருவம் நிஜ அளவு இல்லை.

இந்த எண்ணத்தை மனைவியிடம் இன்றே வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் பயந்துவிடுவார் என்று நினைக்கலாம். ராத்திரி நீங்கள் விழித்துப் புரளுவதைப் பக்கத்தில் படுத்திருக்கும் அவர் பார்க்காமலா இருப்பார்? எண்ணம் அழுத்தமாக வரும் ராத்திரிகளில் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று பெயர். அரசின் மனநல உதவி எண். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். இப்படி நினைத்தேன் என்று சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்று மலையில் இன்னும் பலர் பயப்படுகிறார்கள். அப்படி எதுவும் ஆகாது. தற்கொலைக்கு முயன்றவரையே கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்றுதான் 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

குவார்ட்டர் தருவது தூக்கம் இல்லை

நீங்கள் டிரைவர், அதனால் வண்டியை வைத்தே சொல்கிறேன். மூளையில் பிரேக் மாதிரி வேலை செய்யும் ரசாயனங்களும் உண்டு, ஆக்சிலரேட்டர் மாதிரி வேலை செய்பவையும் உண்டு. சாராயம் பிரேக்கை அழுத்திப் பிடிக்கிறது. அதனால்தான் குடித்ததும் கண் செருகுகிறது. தினமும் இப்படிப் பிரேக் விழுந்தால் மூளை சும்மா இருக்காது. வண்டி நின்றுவிடக் கூடாதே என்று ஆக்சிலரேட்டரை மிதிக்கப் பழகிவிடும். மாதங்கள் போகப் போக அந்த மிதி பலமாகும். நாலைந்து மணி நேரத்தில் ஈரல் சாராயத்தைக் கரைக்கக் கரைக்கப் பிரேக்கின் பிடி விடுகிறது. ஆக்சிலரேட்டர் மட்டும் மிதித்தபடியே இருக்கிறது. பதினோரு மணிப் படபடப்பும் வியர்வையும் இதுதான். பேய்க்கனவு என்றும் வீட்டில் ஏதோ சரியில்லை என்றும் நினைக்க வேண்டாம். சாயங்காலம் வரும் கை நடுக்கமும் அதே ஆக்சிலரேட்டர்தான்.

குடித்துத் தூங்கிய நான்கு மணி நேரமும் சரியான தூக்கம் இல்லை. கனவு வருகிற தூக்கம் ஒன்று உண்டு. பகலில் பட்ட மனக் கஷ்டத்தை மூளை ஆற்றிக்கொள்வதிலும், படித்ததையும் பார்த்ததையும் அடுக்கி வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. சாராயம் அதைப் பாதி ராத்திரிவரை வரவிடாது. மகள் ஏதாவது கேட்டால் காரணமில்லாமல் எரிந்து விழுகிறேன், சொன்னது மறந்துபோகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதை உங்கள் குணம் கெட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடியை விட்டுத் தூக்கம் திரும்பினால் அதில் பெரும்பங்கு சரியாகும்.

டீ விஷயம். நாம் விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்தும். டீயில் உள்ள கஃபீன் அந்த அடினோசினின் இடத்தில் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கும், நமக்குத் தெரியாது. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே ஐந்து மணி நேரம்போல ஆகும். மலையேறி வரும்போது குன்னூரில் இரண்டு மணிக்குக் குடிக்கும் கடைசி டீ, ஏழு மணிக்குப் படுக்கும்போதும் பாதி வேலையைச் செய்துகொண்டிருக்கும். புகையிலையின் நிக்கோட்டினும் நெஞ்சை வேகமாக அடிக்க வைப்பதுதான். ஆக, விழிக்க ஒன்று, படுக்க ஒன்று என்று இரண்டு பக்கமும் உடம்பை இழுக்கிறீர்கள்.

குளிருக்குக் குடிக்கிறேன் என்பதை இந்த மலையில் எத்தனை ஆயிரம் பேர் வாயால் கேட்டிருப்பேனோ. சாராயம் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வருவதால் கதகதப்பாக இருக்கும், ஆனால் அந்தச் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உறைபனி விழும் மார்கழி ராத்திரியில் குடித்துவிட்டு வெளியில் விழுந்து கிடப்பவர் விறைத்துப்போவது இதனால்தான்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு உங்கள் ரத்தத்தில்

ஒரு குவார்ட்டர் 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம்மில் சாராய அளவு 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் ஒரு குவார்ட்டரில் சுமார் 60 கிராம் சுத்த சாராயம் இருக்கிறது. ஈரல் மணிக்கு 7லிருந்து 10 கிராம்வரைதான் கரைக்கும். மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் குளிர்ந்த தண்ணீரில் குளித்தாலும் அந்த வேகம் கூடாது. ஏழரைக்குக் குடித்து முடித்தால் ஒன்றரைக்குள் ஆறு மணி நேரம். வேகமாகக் கரையும் உடம்பானால் ஏறக்குறைய தீர்ந்திருக்கும். மெதுவாகக் கரைந்தால் 15, 18 கிராம் மீதி இருக்கும். 57 கிலோ உடம்பில் அது, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் என்ற மோட்டார் வாகனச் சட்ட எல்லையைத் தாண்டிவிடும். அந்த எல்லையைத் தாண்டி ஓட்டினால் முதல் தடவைக்கே ஆறு மாதம்வரை சிறையோ 10,000 ரூபாய் அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

இது ஒரு குவார்ட்டர் நாளின் கணக்கு. உங்கள் கடிதத்தில் இன்னொரு இடமும் இருக்கிறது, நீங்கள் போகிற போக்கில் எழுதியது. நீலகிரியில் காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் கிடைக்கிறது இல்லையா. உங்கள் மனைவி பாட்டில்களைச் சாக்கில் சேர்த்து வைத்து மாதக் கடைசியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். போன மாதம் 410 ரூபாய் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 41 பாட்டில். தினம் ஒன்று என்று நீங்கள் நம்புகிறீர்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவையாவது இரண்டு போகிறது என்று சாக்கு சொல்கிறது. அந்த நாட்களில் ஒன்றரை மணிக்குக் குறைந்தது பாதி உடம்பிலேயே இருக்கும். அது சட்ட எல்லையைப் போலப் பல மடங்கு. குறைத்துச் சொன்னதாக உங்கள்மீது குற்றம் சாட்டவில்லை. குடி தன் கணக்கை இப்படித்தான் மறைக்கும். அளந்து பார்த்தால் சொன்னதுபோல ஒன்றரை மடங்கு வருவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

சாராயமே இல்லாவிட்டாலும் தூக்கம் கெட்ட டிரைவர் ஆபத்தானவர்தான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவரைப் போலவே தடுமாறுகின்றன என்று 1997இல் ஆஸ்திரேலியாவில் அளந்து காட்டினார்கள். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்துவரை உடம்பின் சூடே இறங்கியிருக்கும் நேரம். எவ்வளவு டீ குடித்தாலும் மூளை சில விநாடிகள் தானாக அணைந்து எரியும். உடம்பின் கடிகாரம் அன்று முழுக்கக் குழம்பிக் கிடப்பதால், பகலிலும் அது நடக்கும். பர்லியாரில் உங்களுக்கு நடந்தது அதுதான். ஹவுஸ் சர்ஜனாக ராத்திரி டியூட்டி பார்த்த நாட்களில், நின்றபடியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனா கோடாக இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். என் கையில் இருந்தது பேனா. உங்கள் கையில் ஸ்டீயரிங், பின்னால் பதினோரு பேர், அதில் ஏழு பேர் பெண்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதனால் மற்ற எதையும் கேட்காவிட்டாலும் இதைக் கேளுங்கள். சிகிச்சை தொடங்கி டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டியை வேறு ஒரு டிரைவரிடம் கொடுங்கள். நாளை ராத்திரியிலிருந்தே. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதையும் விடப் பாருங்கள். ஒன்று நடந்துவிட்டால் அவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதும் பெரும் போராட்டம்.

மாலை போட்ட மூன்றாம் நாள்

நீங்கள் பாவி இல்லை, தம்பி. விரதத்தில் குறை இல்லை, ஐயப்பனுக்குக் கோபமும் இல்லை. பிரேக்கை ஒரே நாளில் எடுத்துவிட்டீர்கள், மாதக்கணக்கில் மிதித்துப் பழகிய ஆக்சிலரேட்டர் அப்படியே நின்றது. கடைசிக் குடிக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. சுவரில் பூச்சி ஊர்ந்ததைப் பார்த்து நீங்கள் பயந்தது நியாயமான பயம். அந்தக் கதவின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பியிருக்கிறீர்கள்.

நவம்பர் மாதம் குன்னூரில் என் கிளினிக்கில் எல்லோரும் ஸ்வெட்டரும் குல்லாவுமாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஒருவர் நெற்றியில் மட்டும் வியர்வை முத்து முத்தாக நிற்கும். இரண்டு கையையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைப்பேன். கண்ணுக்குத் தெரியாத நடுக்கமும் தாளின் ஓரத்தில் படபடவென்று தெரிந்துவிடும். "எப்போது நிறுத்தினீர்கள்?" என்று கேட்டால், "முந்தாநாள் மாலை போட்டேன் டாக்டர், எப்படித் தெரிந்தது?" என்பார்கள். கார்த்திகை பிறந்த முதல் வாரத்தில் இப்படி வராத வருடம் இல்லை.

இன்னொன்று தெரிந்துகொள்ளுங்கள். இப்படித் திடீரென்று நிறுத்துவதும் மறுபடி குடிப்பதுமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட மோசமாக வரக்கூடும். போன வருடம் பூச்சி தெரிந்தவருக்கு இந்த வருடம் அதோடு நிற்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். அதனால் வீட்டில் வைத்து நிறுத்துவது உங்களுக்குச் சரிப்படாது. ஆஸ்பத்திரியில் படுக்கை போட்டுத்தான் நிறுத்த வேண்டும். பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள். பிரேக்கின் வேலையைச் செய்யும் மருந்தை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து, கடைசியில் நிறுத்திவிடுவார்கள். கூடவே தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி. குடிப்பவர்களுக்கு அது வற்றிப்போயிருக்கும், அதனால் நினைவும் கண் அசைவும் நடையும் கெடும். ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் காட்டுங்கள். பணம் ஆகுமே என்ற கவலை வேண்டாம்.

அதுவரை? படுக்கை கிடைக்கும்வரை குடியைத் திடீரென்று நிறுத்த வேண்டாம் என்று ஒரு டாக்டரே சொல்வது உங்களுக்கு விசித்திரமாக இருக்கும். உங்கள் நிலையில் அதுதான் பாதுகாப்பு. அளவைக் கூட்டாமல், வண்டியைத் தொடாமல், ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். நடுவில் வலிப்பு வந்தாலோ, பூச்சி தெரிந்தாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ 108க்குக் கூப்பிட வேண்டும் என்று மனைவிக்குச் சொல்லி வையுங்கள்.

கார்த்திகை ஒன்றுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. இப்போதே படுத்து எழுந்தால், மாலை போடும் நாளில் உடம்பு தெளிவாக இருக்கும். விரதத்தை நான் லேசாக நினைக்கவில்லை. விடியற்காலைக் குளியல், சாமிமார்களோடு பஜனை, எல்லோரும் 'சாமி' என்று கூப்பிடும் மரியாதை, இதெல்லாம் குடியை விட்டவருக்குப் பெரிய துணை. மாலை கழற்றும் நாள்தான் வழுக்கும் இடம். அந்த நாளைக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். குடி ஆசையைக் குறைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன, ஈரலைப் பரிசோதித்துவிட்டு உங்களுக்கு ஏற்றதைத் தருவார்கள்.

நண்பர் கொடுத்த மாத்திரையும் குழம்பில் கலந்த பொடியும்

குடிக்குப் பதில் எந்த மாத்திரை என்ற கேள்விக்கு நேரான பதில்: நீங்களாகப் போடக்கூடிய ஒன்றுகூட இல்லை. நண்பர் கொடுத்திருக்கும் அல்பிரசோலம் சாராயம் அழுத்தும் அதே பிரேக்கைத்தான் அழுத்துகிறது. இரண்டும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். தனியாகப் போட்டாலும் சில வாரங்களில் அதற்கும் அடிமையாவீர்கள். சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. ஆஸ்பத்திரியில் இதே குடும்பத்து மருந்தைத்தான் கொடுப்பார்கள், ஆனால் அளந்து, நாடி பார்த்து, குறைத்து நிறுத்துவார்கள்.

பொடி விஷயத்தில் அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், கையைப் பிடித்துச் சொல்லுங்கள். குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் என்ற மருந்து உண்மையிலேயே உண்டு. சாப்பிடுபவருக்குத் தெரியாமல் கொடுத்தால், மேலே குடிக்கும்போது ரத்த அழுத்தம் விழுந்து மயங்கி, உயிர்கூடப் போகலாம். பெயரில்லாத பொடியில் என்ன இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? அந்தப் பொட்டலத்தை எறிந்துவிடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

தூக்கிக்கொண்டு போக உரிமை உண்டா?

மச்சான் ஏற்பாடு செய்தார் என்பதற்காக யாரும் உங்களை வேனில் தூக்கிப்போட்டுக்கொண்டு போக முடியாது. குடிப்பழக்கத்தால் வரும் மனநிலைக் கோளாறுகளும் மனநலப் பராமரிப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. உங்கள் சொந்தச் சம்மதத்தில் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர் போகிறேன் என்றால் விட வேண்டும். நிலை மோசம் என்று டாக்டர் நினைத்தால், பரிசோதிப்பதற்காக 24 மணி நேரம் நிறுத்திவைக்கலாம். உயிருக்கு ஆபத்து, பிறரைத் தாக்கும் நிலை போன்ற கடுமையான சூழ்நிலையில், டாக்டர்கள் பரிசோதித்துச் சொன்னால் மட்டும் சம்மதமில்லாமல் சேர்க்கலாம். அதுவும் முதலில் 30 நாளுக்கு மேல் கிடையாது. மூன்று மாதம் பூட்டு என்று முன்பே பேசி முடிப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சங்கிலியால் கட்டுவது எந்த வகையிலும் கூடாது. அந்தச் சென்டர் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ததா, ராத்திரியில் டாக்டர் இருப்பாரா என்று மச்சானையே கேட்கச் சொல்லுங்கள். வலிப்பு வரக்கூடிய ஒருவரை டாக்டர் இல்லாத இடத்தில் பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதிலிருந்து அவருக்கே புரியும்.

ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். அவர்கள் இந்த அளவுக்குப் போனது பயத்தில். நீங்களாகவே ஊட்டிக்குப் போகிறேன் என்று சொன்னால், அந்த வேனுக்கு வேலையே இல்லை.

லைசென்ஸ் பற்றி. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது உங்கள் உரிமை, அதே சட்டத்தில் எழுதியிருக்கிறது. சிகிச்சைக்கு வந்தார் என்பதற்காக ஆஸ்பத்திரி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருக்காது. பிறர் உயிரைக் காப்பாற்றத் தேவைப்பட்டால் மட்டும் அந்த ரகசியத்துக்கு விதிவிலக்கு உண்டு. நீங்கள் வண்டியை நிறுத்தி வைத்தால் அந்தக் கேள்வி எழாது. லைசென்ஸுக்கு ஆபத்து ஊதச் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது, ஆஸ்பத்திரியில் இல்லை.

ட்யூவும் தூக்கமும்

வண்டி நின்றால் ட்யூ யார் கட்டுவது என்று இந்நேரம் உங்கள் மனம் கேட்டிருக்கும். அதுவும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். கவலை இருக்கும்வரை கார்ட்டிசால் போன்ற சுரப்புகள் உடம்பை விழிப்பிலேயே வைத்திருக்கும். ரத்த அழுத்தம் ஏறும், வயிறு எரியும், தூக்கம் எட்டிப்போகும். தூக்கம் போனால் அதே சுரப்புகள் இன்னும் கூடும். ஒரு நுனியை எங்காவது பிடித்து இழுத்தால்தான் சிக்கல் அவிழும்.

கூலிக்கு ஒரு டிரைவரைப் போட்டால் வருமானம் குறையும், ஆனால் நிற்காது. குடிக்கும் அதன் துணைச் செலவுக்கும் தினம் 300 ரூபாய் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மாதம் 9,000. டிரைவர் கூலியில் ஒரு பகுதி அதிலேயே வந்துவிடும். ட்யூ தவறுவதற்கு முன்பே ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு நேரில் போய், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தவறிய பிறகு கேட்பதற்கும் முன்னால் கேட்பதற்கும் பெரிய வித்தியாசம். மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடன் விவரம் முழுதும் அவருக்குத் தெரியாது என்று உங்கள் கடிதத்திலிருந்து எனக்குப் பட்டது. ராத்திரி தனியாகச் சுமக்கும் கணக்கைப் பகலில் இரண்டு பேராகப் பார்த்தால் பாரம் குறையும்.

குடியை நிறுத்தியதும் தேனாகத் தூக்கம் வரும் என்று நான் சொல்லவில்லை. முதல் சில வாரம் தூக்கம் இன்னும் மோசமாகத்தான் இருக்கும். இத்தனை நாள் அமுக்கி வைத்த கனவெல்லாம் கொட்டும், கெட்ட கனவும் வரும். "குடிக்காமல் என்னால் தூங்கவே முடியாது போல" என்று பலர் திரும்பிப்போவது இந்த இடத்தில்தான். அது தற்காலிகம். சிலருக்கு இரண்டு மூன்று மாதம் எடுக்கும், படிப்படியாகச் சரியாகும்.

மறுபடி வேலைக்குப் போகும்போது சில மாற்றம் செய்துகொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் டீ வேண்டாம். சுக்குத் தண்ணி குடியுங்கள், கஃபீன் இல்லை. மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கியதும், மலையேறுவதற்கு முன் வண்டியை நிழலில் நிறுத்தி, போனில் அலாரம் வைத்து இருபது நிமிடம் கண் மூடுங்கள். எந்த டீயையும்விட அது நல்லது. வீட்டில் படுக்கும் அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டுங்கள். ஆறரைக்கே படுத்துவிடுங்கள், லீவு நாளிலும் நேரத்தை ரொம்ப மாற்றாதீர்கள். உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்கிறது. வாரம் ஆறு ராத்திரி என்பதை நான்காகக் குறைத்து, மீதியை இன்னொரு டிரைவரோடு பங்கு போட முடியுமா என்றும் பாருங்கள். புகையிலையைக் குடியோடு சேர்த்து விட முடிந்தால் விடுங்கள். முடியாவிட்டால் அடுத்த மாதம் பார்க்கலாம், அதற்கும் மருந்து இருக்கிறது.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் மனைவியோடு கிளம்புங்கள். ஆதார், பழைய சீட்டுகள், நண்பர் கொடுத்த மாத்திரை அட்டை, அம்மாவின் பொடி, நான்கு நாளைக்கு மாற்றுத் துணி, ஒரு ஸ்வெட்டர். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது தினம் ஒன்று என்று சொல்லாதீர்கள், மாதம் 41 என்று சொல்லுங்கள். போன கார்த்திகையில் பூச்சி தெரிந்ததையும் விடாமல் சொல்லுங்கள். முதல் நாள் உங்களுக்குத் தரவேண்டிய மருந்தின் அளவை அந்த இரண்டையும் வைத்துத்தான் அவர் எழுதுவார்.